விளம்பரம் முடியும் வரைக்கும்

“வந்துட்டான் பாருங்க!” என்னும்போதே ஜன்னலக்கா பாதி எழுந்தாயிற்று. மடியில் கிடந்த திரைச்சீலை முழம் முழமாகத் தரையில் சரிகிறது. உதட்டோரத்தில் குண்டூசிகள். ஊசியைக் கவ்வியபடியே தெளிவாகப் பேசுவது அவளுக்குப் பழகிப்போன வித்தை. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடக்குகிறாள். டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் போய், டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிடுகிறாள். அவளுடைய தோளுக்கு மேலே ஒரு பளபளப்பான குடும்பம் பல் தெரியச் சிரிக்கிறது. இடுப்புக்குப் பக்கத்தில் புதுக் கார் ஒன்று மூக்கை நீட்டுகிறது.

“என்னையே பாருங்க. லாரிக்காரன் மலை ஏறிட்டு இருக்கான். தம்பியைத் தேடித்தான் போறான். தம்பி மேல கோவம், ஆனாலும் போறான். மழை பிடிச்சுக்கிச்சு. பிரேக் சரியில்ல. எது சரியில்ல, சொல்லுங்க?”

“பிரேக்கு,” என்கிறார் சோபாவில் உட்கார்ந்திருக்கும் அவள் கணவர்.

“ஆங். அதை விட்டுடாதீங்க. கெட்டியாப் பிடிச்சுக்குங்க.”

அவர் சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார். வலது கால் தானாகவே தரையை அழுத்துகிறது. பின்னால் கார் போய், சோப்பு வந்து, சோப்பு போய், ஏதோ வங்கி வருகிறது. ஜன்னலக்கா அசையவில்லை. லாரிக்காரனின் கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். தூங்கி வழியும் குழந்தையின் கையிலிருந்து நழுவும் பொம்மையை மறுபடி மறுபடி எடுத்துக் கொடுப்பதைப் போன்ற வேலை அது. அவர் முகத்தில் விழும் வெளிச்சம் மாறுவதை வைத்துத்தான் படம் திரும்பிவிட்டது என்று தெரிந்துகொள்கிறாள். உடனே விலகி, சத்தத்தைக் கூட்டி, தரையில் கிடக்கும் துணியை வாரி எடுக்கிறாள். அடுத்த விளம்பரம் வரும்வரை அவளுக்குத் தைக்க நேரம் இருக்கிறது. அது எவ்வளவு என்று படம் போடும் கம்பெனிக்காரனுக்குத்தான் வெளிச்சம்.

ஜன்னலக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. திரைச்சீலை தைத்து, வீடு தேடிப் போய் மாட்டிக் கொடுப்பது அவள் தொழில். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் ஆளைப் பார்க்கமாட்டாள். ஆளின் தோளைத் தாண்டி ஜன்னலைப் பார்ப்பாள். ‘நல்லா இருக்கீங்களா’ என்று கேட்பதற்குப் பதில், “வெயில் எந்தப் பக்கம் வருது?” என்று கேட்பாள். வாடிக்கையாளர்களை ஜன்னலை வைத்துத்தான் அடையாளம் சொல்வாள். “அந்த மேக்கு ஜன்னலம்மா இருக்காங்களே, அவங்க மருமகளுக்குக் குழந்தை பிறந்திருக்கு.” “அந்தக் கண்ணாடிக் கதவுக்காரர் பாவம், வேலையை விட்டுட்டார்.” யாருடைய வீட்டில் யார் எதை வெளியில் தெரியாமல் மறைக்க ஆசைப்படுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். வெளியே மூச்சுவிடமாட்டாள்.

உட்காருவது என்பது அவளுக்கு ஒத்துவராத காரியம். சாப்பாடு அடுப்படியில் நின்றபடிதான். நாற்காலியில் உட்கார்ந்தாலும் நுனியில்தான்; எந்த நேரமும் எழுந்துவிடுவாள் என்று நாற்காலிக்கே தெரியும். லிஃப்ட் வரத் தாமதமானால் மாடிப்படியில் ஏறத் தொடங்கிவிடுவாள். பஸ் சிக்னலில் நின்றால் இறங்கி நடந்துவிடுவாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் சொல்வதுண்டு: “எங்கம்மா உக்காந்து நான் பாத்ததே பாஸ்போர்ட் போட்டோவுலதான்.”

கணவர் நேர்மாறு. தொலைதூர பஸ் ஓட்டியவர். இருக்கையில் அமர்ந்தால் ஊர் வந்து சேரும்வரை நகரமாட்டார். அக்கம்பக்கத்தில் இன்றும் ‘டிரைவர் சார்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒருநாள் காலையில் சவரம் செய்துகொண்டிருந்தபோது கண்ணாடியில் தெரிந்த முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கத்தி கைநழுவிக் கீழே விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது பேச்சு இருந்தது, ஒரு கைத்தடியோடு நடையும் இருந்தது. வராமல் போனது ஞாபகம்தான். பழசெல்லாம் பத்திரம். எந்த ஊரில் எந்த வளைவில் எத்தனை மணிக்கு மூடுபனி இறங்கும் என்பதுகூடச் சொல்வார். புதியதுதான் நிற்காது. “தொடர்ச்சியா நடந்துட்டு இருக்கற விஷயம்னா கொஞ்ச நேரம் பிடிச்சு வெச்சுக்குவார்மா. நடுவுல அறுந்துச்சுன்னா போயிடும்,” என்றார் டாக்டர்.

பகலெல்லாம் அமைதியாகத்தான் இருப்பார். வெயில் சாயத் தொடங்கியதும் சிக்கல் ஆரம்பமாகும். சட்டைப்பையைத் தடவுவார். மேசை இழுப்பறையைத் திறப்பார். “வண்டிச் சாவி எங்கம்மா? ஜனங்க வந்து நிப்பாங்களே,” என்பார். “இன்னிக்கு உங்களுக்கு லீவுங்க,” என்றால் சரி என்று உட்காருவார். சற்றுப் பொறுத்து மறுபடி சாவி. வாசல் கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிடுவார். அவரைக் கையைப் பிடித்து, மாடி நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடத்தியே ஜன்னலக்காவின் சாயங்காலங்கள் கரைந்தன. தையல் மெஷின் உள்ளறையில் உறைபோட்டபடியே கிடந்தது.

படம் பிடிபட்டது தற்செயலாகத்தான். மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது டிவியில் ஒரு லாரிக்காரன் படம் போட்டாள். சாவியைத் தேடிக்கொண்டிருந்தவர் திரையில் சாலையைப் பார்த்ததும் நின்றார். பிறகு உட்கார்ந்தார். முழுப் படமும் பார்த்தார். லாரிக்காரன் கியர் மாற்றுவது தப்பு என்று கோபித்துக்கொண்டார். கடைசியில் அண்ணனும் தம்பியும் சேர்ந்தபோது, “அந்தத் தம்பிக்காரன் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்,” என்றார். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கதையின் தொடக்கத்தை அதன் முடிவுவரை அவர் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்!

மறுநாள் படம் நினைவில் இல்லை. அதனால் என்ன? மறுநாளும் போட்டார்கள். மறுநாளும் புதிதாகப் பார்த்தார். “ஒரே படத்தை எப்பவும் முதல் தடவையாப் பாக்கற யோகம் யாருக்குடி கிடைக்கும்?” என்று ஜன்னலக்கா சிரித்தாள். மகள் ஊருக்குக் கிளம்பும் முன் படம் போடும் கம்பெனிக்குச் சந்தா கட்டிக் கொடுத்தாள். விளம்பரமே வராத சந்தா. “நடுவுல எதுவும் வராதும்மா, அதுக்குத்தான் கூடக் கட்டறோம்,” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அதற்குப் பிறகு வந்தவை அந்த வீட்டின் நல்ல சாயங்காலங்கள். கூடத்தில் லாரி மலை ஏறும். உள்ளறையில் மெஷின் ஓடும். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “கியரை இறக்குடா!” என்று அதட்டல் கேட்டால் ஜன்னலக்காவுக்குப் படம் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும். சாவியை யாரும் கேட்கவில்லை.

பிறகுதான் போனில் அந்தச் செய்தி வந்தது. ‘உங்கள் அனுபவத்தை மேலும் சிறப்பாக்க’ இனி சில விளம்பரங்கள் இடம்பெறும் என்றது. ஜன்னலக்கா அதை எதிர் வீட்டு டீச்சரிடம் காட்டி, தான் படித்தது சரிதானா என்று கேட்டாள். “சரிதான். விளம்பரம் போடப் போறாங்களாம்,” என்றார் டீச்சர்.

“அதுல என்ன சிறப்பு?”

டீச்சர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் லாரி பாலத்தில் ஏறியது. திடீரென்று ஒரு பெண் கூந்தலை விசிறிக்கொண்டு சிரித்தாள். “ஏம்மா, யாரோ பொண்ணு வந்திருக்கு பாரு,” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. ஜன்னலக்கா ஓடி வந்தபோது படமும் திரும்பியிருந்தது. அவர் லாரிக்காரனைக் காட்டி, “இவன் யாரு?” என்றார். அவள் படத்தைப் பின்னால் தள்ளினாள். பின்னால் தள்ளியதும் அந்தப் பெண் மறுபடி வந்து சிரித்தாள். முதலிலிருந்து போட்டாள். பாலத்தருகே வந்ததும், இம்முறை ஒரு பிஸ்கட். அவர் எழுந்துவிட்டார். சட்டைப்பையைத் தடவினார்.

மகளுக்குப் போன் போட்டாள். “எல்லாக் கம்பெனியும் இப்படித்தான்மா ஆயிட்டாங்க,” என்றாள் மகள். “இன்னும் கொஞ்சம் கூடக் கட்டினா எடுத்துடுவாங்களாம். கட்டிடட்டுமா?”

“விளம்பரம் வேணாம்னுதானேடி ஏற்கெனவே கட்டினோம்? அதே வேணாமுக்கு ரெண்டாவது தடவையா? நாளைக்கு அந்த மேக்கு ஜன்னலம்மாவுக்குத் திரை மாட்டிட்டு, அதுக்கு நடுவுல ஒரு ஓட்டையைப் போட்டு, ஓட்டையை அடைக்கத் தனியாக் குடுங்கன்னு நான் கேட்டா விடுவாங்களா?”

“அம்மா, விடும்மா.”

“விடறதாவது!”

விடாமல்தான் இருந்தாள். வேறு படங்கள் போட்டுப் பார்த்தாள். காதல் படத்தில் அவர் தூங்கிவிட்டார். போலீஸ் படத்தில் பயந்தார். கப்பல் படம் ஒன்று நன்றாகத்தான் இருந்தது. “ரோடே இல்லாம என்ன படம்?” என்று ஒதுக்கிவிட்டார். அந்த லாரிப் படத்தை டிஸ்க்காகவே வாங்கிவிடலாம் என்று கடைத்தெரு முழுக்க அலைந்தாள். போன் கவர் விற்கும் ஒரு கடைக்காரர், “டிஸ்க்கா அக்கா? போட்டுப் பாக்கற மெஷினே யார்கிட்டயும் இல்லையே,” என்று பரிதாபத்தோடு சிரித்தார். வெறுங்கையோடு திரும்பியவள், நடக்கும்போதே கம்பெனிக்காரனிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

அந்த நேரத்தில்தான் ஒரு சிறிய மருத்துவமனையிலிருந்து ஆர்டர் வந்தது. கட்டிலுக்குக் கட்டில் மறைப்புத் திரை. பெரிய வேலை, இதைச் சரியாகச் செய்து கொடுத்தால் அவர்களுடைய இன்னொரு கிளைக்கும் அவளே தைக்கலாம் என்று மேலாளர் அம்மாள் சொல்லியிருந்தார். பகலில் அளவெடுக்கவும் மாட்டவும் அலைச்சல். மெஷினில் உட்காரச் சாயங்காலம்தான் உண்டு. அந்தச் சாயங்காலத்தைத்தான் விளம்பரக்காரர்கள் கூறுபோட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளறைக்கும் கூடத்துக்கும் ஓடி ஓடி, பாதத்தில் நூல் சிக்கியபடியே திரிந்தாள்.

அவர் விழுந்தது அப்படியொரு ஓட்டத்தின் நடுவில். வீட்டு வாசலுக்குப் பொருள் கொண்டுவந்து தரும் ஏதோ கடையின் விளம்பரம். அதில் அழைப்பு மணி அடிக்கும். ஒரு பெண் சிரித்துக்கொண்டே கதவைத் திறப்பாள். மணிச்சத்தம் கேட்டதும் இவரும் எழுந்தார். விருந்தாளியைக் காக்க வைப்பது அவருக்குப் பிடிக்காது. கைத்தடியை மறந்தார். ஜன்னலக்கா மெஷினிலிருந்து எழுவதற்குள், பாதி வழியில் கால் மடிந்து விழுந்துவிட்டார். எதிர் வீட்டு டீச்சர் ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தார். தூக்கி உட்கார வைத்ததும் அவர் கேட்டது தன் கையைப் பற்றி அல்ல. “யாரும்மா வந்தது? போயிட்டாங்களா?”

மணிக்கட்டு பிசகியிருந்தது. கட்டுப்போட்டுக்கொண்டு வந்தார்கள். கட்டு எதற்கு என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒவ்வொரு முறையும் அவள் பதில் சொன்னாள். “விழுந்துட்டீங்க.” “ஏன் விழுந்தேன்?” அதற்குத்தான் அவளுக்கு வாய் வரவில்லை. யாரோ எதையோ விற்பதற்காக அடித்த மணிக்கு எழுந்து போனீர்கள் என்று சொல்வதெப்படி?

மறுநாள் காலையில் கம்பெனிக்குப் போன் போட்டாள். இதற்கு இதை அழுத்து, அதற்கு அதை அழுத்து என்று இயந்திரம் அவளைச் சுற்ற விட்டது. காத்திருக்கச் சொன்னது. காத்திருந்தபோது தேனொழுகும் குரலில் ஒரு பெண், இடையூறே இல்லாமல் படம் பார்க்க இன்னும் உயர்ந்த திட்டத்துக்கு மாறும்படி பாடினாள். ஜன்னலக்கா போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை முறைத்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள். கடைசியில் ஓர் இளைஞனின் குரல் வந்தது.

“வணக்கம் மேடம். உங்களுக்கு எப்படி உதவலாம்?”

“தம்பி, உங்க விளம்பரத்துல காலிங் பெல் அடிக்குது.”

“சரிங்க மேடம்.”

“அதுக்கு எங்க வீட்டுக்காரர் கதவைத் திறக்கப் போய் விழுந்துட்டார்.”

“உங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் மேடம்.”

“அசௌகரியம் இல்ல தம்பி. மணிக்கட்டு.”

“மேடம், உங்க திட்டத்துல வரையறுக்கப்பட்ட விளம்பரங்கள் மட்டுமே...”

“வரையறைன்னா என்னப்பா? நான் ஒரு ஜன்னலுக்கு அளவு எடுத்தா இங்க ஆரம்பிக்குது, இங்க முடியுதுன்னு காட்டுவேன். உங்க வரையறை எங்க முடியுது? அதைச் சொல்லு.”

“ஒரு நிமிஷம் உங்களை ஹோல்ட்ல...”

“ஹோல்ட்ல போடாதே! அங்கயும் ஒருத்தி விளம்பரம்தான் பண்றா.”

இளைஞன் சிரிப்பை அடக்குவது கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “எங்க வீட்லயும் இதே கதைதாங்க. எங்கம்மா தினம் என்னைத்தான் திட்டறாங்க. நான் என்ன பண்ண முடியும்?” என்றான். உடனே பழைய குரலுக்குத் திரும்பி, புகாரைப் பதிவுசெய்துவிட்டதாகச் சொன்னான். அழைப்பின் முடிவில் அவனுக்கு மதிப்பெண் போடச் சொல்லி இயந்திரம் கேட்டது. ஜன்னலக்கா முழு மதிப்பெண்ணும் போட்டாள். “புள்ள என்ன செய்யும், பாவம்,” என்றாள் டீச்சரிடம்.

புகாருக்குப் பதிலும் வந்தது. அவளுடைய கருத்து அவர்களுக்கு மிகவும் முக்கியமானதாம். அவ்வளவுதான் பதில்.

கணவரின் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அன்றைக்கே மகளைக் கூப்பிட்டு, ரோஷத்தை விழுங்கிவிட்டு, “கட்டித் தொலைடி,” என்றாள். மேல் திட்டத்துக்கு மாறினார்கள். மூன்று சாயங்காலங்கள் ஒழுங்காகப் போயின. நாலாவது நாள் லாரிப் படத்தில் மறுபடி விளம்பரம். மகள் துருவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: சில படங்களுக்குப் புதிதாக உரிமை விவகாரம் வந்திருக்கிறதாம், இனி அவற்றில் எந்தத் திட்டத்திலும் விளம்பரம் வரத்தான் செய்யுமாம். எங்கோ அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்களாம்.

ஜன்னலக்கா கத்துவாள் என்று மகள் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவள் கத்தவில்லை. “சரி, வை,” என்று போனை வைத்தாள். உள்ளறையிலிருந்து தையல் சாமான்களைக் கூடத்துக்கு அள்ளிக்கொண்டு வந்தாள். மெஷினை அங்கே போட முடியாது. அதன் சத்தத்தில் படம் கேட்காது. கைத்தையல் வேலையை மட்டும் வைத்துக்கொண்டு தரையில், சோபாவின் காலடியில் இடம்பிடித்தாள். அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்த நடுவில் போய் நிற்கும் வழக்கம். விளம்பரத்தைத் தன் முதுகால் அடைத்துவிட்டு, அறுந்த இடத்தில் தானே கதையை ஓட்டினாள். விளம்பரம் எந்த இடத்தில் வரும் என்று மனப்பாடம் செய்யப் பார்த்தாள். முடியவில்லை. இன்று பாலத்தில் வந்தவன் நாளைக்குப் பெட்ரோல் பங்க்கில் வருவான். அதனால் எந்நேரமும் காதைத் தீட்டிக்கொண்டே இருந்தாள். தெருவில் கார் ஹாரன் அடித்தாலும் ரிமோட்டுக்குக் கை போனது. ஒரு வாடிக்கையாளர் வீட்டில் டிவியில் செய்தி முடிந்து விளம்பரம் வந்தபோது, ஏணியில் நின்றபடியே, “லாரிக்காரன்...” என்று வாயெடுத்துவிட்டாள். அந்த வீட்டம்மா அண்ணாந்து பார்த்தார். “ஒண்ணுமில்லைங்க,” என்று திரைக் கொக்கிகளை மாட்டத் தொடங்கினாள்.

மருத்துவமனை வேலையை விடிகாலைகளில் மெஷினில் போட்டு முடிக்கப் பார்த்தாள். அரைத் தூக்கத்தில் தைத்த தையல். ஒரு கட்டுத் திரைக்குக் கீழ்விளிம்பை மேலே வைத்து அடித்துவிட்டாள். இவ்வளவு வருடத் தொழிலில் அப்படி நடந்ததில்லை. மேலாளர் அம்மாள் நல்ல மனுஷிதான். இருந்தாலும், “திறப்பு விழாத் தேதி குறிச்சுட்டோம்மா. மிச்சத்தை வேற ஆள்கிட்ட குடுத்துட்டேன், தப்பா எடுத்துக்காதே,” என்று சொல்லி, தப்பாகத் தைத்த கட்டை மட்டும் பிரித்துத் தைக்கக் கொடுத்தனுப்பினார். இன்னொரு கிளையைப் பற்றிப் பேச்சில்லை.

அந்தக் கட்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அன்று சாயங்காலம். வெளியே மேகம் கட்டியிருந்ததால் வீட்டுக்குள் சீக்கிரமே இருட்டு. மகள் கண்டுபிடித்துச் சொன்ன வேறொரு படம் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் படம், மலைச்சாலை நிறைய வருகிறது, உரிமை விவகாரம் எதுவும் இல்லையாம். அவர் பார்க்கத் தொடங்கியதும் ஜன்னலக்கா நிம்மதியாகக் குனிந்துவிட்டாள். தையலைப் பிரிப்பது தைப்பதைவிடக் கொடுமை. ஒவ்வொரு தையல் கண்ணாக வெட்டி நூலை இழுக்க வேண்டும். கை இழுத்துக்கொண்டிருந்தது. மனம் மேலாளர் அம்மாளோடும், பொடி எழுத்தில் எழுதுகிறவனோடும், எல்லோரோடும் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தது. திரையில் என்ன ஓடியது என்று அவளுக்குத் தெரியாது.

திடீரென்று துள்ளலான பாட்டு. இந்தப் படத்திலும் வந்துவிட்டான்.

பழக்கம் அவளை எழுப்பியது. ரிமோட்டை அமுக்கினாள், நடுவில் போய் நின்றாள், வாயைத் திறந்தாள்.

“என்னையே பாருங்க. பஸ்ஸு...”

அவர் பார்த்தார்.

“பஸ்ஸு... போயிட்டு இருக்கு.”

அதற்கு மேல் ஒன்றும் இல்லை. டிரைவர் யார், எங்கே போகிறான், யாரைத் தேடுகிறான், எதுவும் தெரியாது. அவள் கையில் நூல் பிரித்த துணி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் காத்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை அவள் தோளைத் தாண்டி வண்ணங்களின் பக்கம் மெல்ல நழுவுவதைப் பார்த்தாள். இப்போது எழுந்திருப்பார். சாவியைத் தேடுவார்.

“தெரியலைங்க,” என்றாள். குரல் உடைந்தது. “நான் கவனிக்கல. என்ன கதைன்னே எனக்குத் தெரியல.”

பார்வை திரும்பி வந்து அவள் முகத்தில் நின்றது. கட்டுப்போட்ட கையைத் தூக்கி, பயணியை உட்காரச் சொல்லும் தோரணையில் அசைத்தார்.

“அதுக்கு ஏன்மா அழறே? நான் சொல்றேன்,” என்றார். “பஸ்ஸு நின்னுடுச்சு. நல்ல மழை. ஒரு பொண்ணு ஏறுது. கையில பெரிய துணி மூட்டை. இறக்கி வெக்க இடமில்ல. என்ஜின் மூடி மேல வெக்கட்டுமான்னு கேக்குது.”

ஜன்னலக்கா அப்படியே நின்றாள். படத்தில் வருவதா? இருக்கலாம். பஸ் படம்தானே.

“வெக்காதே, சுடும்னேன். கேக்கல. உக்காரவும் இல்ல. கம்பியைப் பிடிச்சுட்டு நின்னுட்டே வருது. கொஞ்ச தூரம் போறதுக்குள்ள கருகற வாசனை. ஒரு மூலை பொசுங்கிப் போச்சு. என்னமா சண்டை போட்டா தெரியுமா! வண்டியையே நிறுத்த வெச்சுட்டா.”

“சுடும்னு நீங்க சொல்லவே இல்ல,” என்றாள் ஜன்னலக்கா.

“சொன்னேன்.”

“சொல்லல. வாயை மூடிட்டு ரோட்டையே பாத்துட்டு இருந்தீங்க.”

“ரோட்டைப் பாக்காம? ஓட்டறவன் வேற எதைப் பாப்பான்?” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இழுத்துக்கொண்ட பக்கமும் சேர்ந்து கொஞ்சம் சிரித்தது. “கண்ணாடியில பாத்தேன். முன்னாடி ஒரு கண்ணாடி இருக்கும்ல, உள்ளே பாக்கறதுக்கு. அதைக் கொஞ்சம் திருப்பி வெச்சேன்.”

இந்தக் கண்ணாடியைப் பற்றி அவர் இத்தனை வருடங்களில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

“மறுவாரம் எனக்கு வேற ரூட்டு போட்டாங்க,” என்றார். “போய்க் கெஞ்சி மாத்திக்கிட்டேன். ஏன்டா இந்த ரூட்டுக்கு அலையறேன்னு எல்லாரும் கேட்டாங்க. ரோடு நல்லா இருக்குன்னேன். எங்கே நல்லா இருந்துச்சு? முழுக்கக் குழி.”

“அடுத்த தடவையும் நீங்களே வந்தது ஏதோ தற்செயல்னு சொன்னீங்களே?” என்று கேட்டாள் ஜன்னலக்கா. “கல்யாணத்தன்னிக்குக்கூட எல்லார்கிட்டயும் அப்படித்தானே சொன்னீங்க?”

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கண் எங்கோ ஈரமான சாலையில் இருந்தது. வலது கால் தரையை மெதுவாக அழுத்தி விட்டது. “அந்த ஸ்டாப் வரும்போது வேகத்தைக் குறைச்சுட்டே வருவேன். தூரத்துல மூட்டை தெரியுதான்னு பாப்பேன். அன்னிக்கும் மழை...”

அவர் முகத்தில் விழுந்திருந்த வெளிச்சம் மாறியது. அவளுடைய முதுகுக்குப் பின்னால் விளம்பரம் முடிந்துவிட்டது. சத்தமில்லாமல் ஒரு பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். ஜன்னலக்கா விலகவில்லை. அவர் மீதிருந்த கண்ணை எடுக்காமல், ரிமோட் இருந்த கையை மட்டும் பின்னால் நீட்டி, படத்தை நிறுத்தினாள்.